முதலில் கவுண்டர், பிறகு பட்டம்

போன மாதம் சின்சினாட்டியிலிருந்து ஓர் அழைப்பு. பேசியவர் கரூர்ப் பக்கம். என் கணவரின் கல்லூரித் தோழருடைய மனைவி. மகளுக்கு பார்ம்.டி. படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். குரலில் சந்தோஷம் இல்லை.

"ஏனுங்கக்கா, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போற புள்ள. அவளப் போயி டெக்னீஷியன் பரீட்சை எழுதிட்டு வாங்கறாங்க காலேஜ்ல. கடையில மாத்திர எண்ணிப் போடறவங்க எழுதற பரீட்சைங்க அது. இவளுக்கு எதுக்குங்க?"

அவருக்குத் தொலைபேசியில் கால் மணி நேரம் பதில் சொன்னேன். போதவில்லை. இதே கேள்வியைக் கடந்த இரண்டு வருடத்தில் இன்னும் மூன்று தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன. அதனால் எழுதிவிடுகிறேன். க்ளீவ்லாந்துக்குத் தெற்கே ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள சிறு நகரம் ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். பார்ம்.டி. மாணவர்களுக்குக் கடையில் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் எனக்கு உண்டு. அதற்கு முன்னால் நான்கு ஆண்டுகள் இங்கே டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். இரண்டு பக்கமும் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தக் கல்லூரி கேட்பது நியாயம். எல்லாக் கல்லூரிகளும் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆக வேண்டுமென்றால் பார்ம்.டி. பட்டம் வேண்டும். பெரும்பாலும் இரண்டு ஆண்டு முன்படிப்பு, பிறகு நான்கு ஆண்டு. இந்தப் படிப்பு நடக்கும் கல்லூரிகள் 140-க்கும் மேல். கல்லூரியில் சேர்ந்தவுடன் மாநில மருந்தியல் வாரியத்திடம் விண்ணப்பித்து இன்டெர்ன் உரிமம் வாங்கிக்கொள்ளலாம். அந்த உரிமம் கையில் இருந்தால் டெக்னீஷியன் செய்கிற எல்லாவற்றையும், அதற்கு மேலும், மருந்தாளுநரின் மேற்பார்வையில் செய்யலாம். அதனால்தான் பெரும்பாலான கல்லூரிகள் டெக்னீஷியன் சான்றிதழைக் கேட்பதில்லை. சில கல்லூரிகள் மட்டும் சேரும் முன்போ, முதல் ஆண்டு முடிவதற்குள்ளோ கொண்டுவரச் சொல்கின்றன. பெரிய உரிமம் கிடைக்கப்போகும்போது சின்னச் சான்றிதழ் எதற்கு என்பதுதான் பெற்றோரின் வாதம்.

இன்டெர்ன் உரிமம் எதற்காகக் கிடைக்கிறது? கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக. கை வேலை தெரியும் என்பதற்காக அல்ல.

2004-ல் எனக்கு இங்கே வேலை செய்ய அனுமதி வந்தது. மதுரையில் பி.பார்ம். முடித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அந்த நான்காண்டுப் படிப்பில் மாத்திரையை அச்சில் அடித்திருக்கிறேன், களிம்பு கடைந்திருக்கிறேன், எலியின் குடலைத் தொங்கவிட்டு வரைபடம் எடுத்திருக்கிறேன். ஒரு நோயாளியின் கையிலிருந்து ஒரு மருந்துச்சீட்டைக்கூட வாங்கியதில்லை. வாங்கியதெல்லாம் படிப்புக்கு முன்னால், உசிலம்பட்டியில் சித்தப்பாவின் மெடிக்கல் கடையில். பள்ளி விடுமுறையில் அங்கே அட்டைகளை அடுக்குவேன். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது காலாவதித் தேதி அச்சாகியிருக்கும் பக்கத்தைக் கடையில் வைத்துக்கொண்டு மற்ற பக்கத்திலிருந்து வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது சித்தப்பாதான், கல்லூரி இல்லை.

அந்த நாளில் ஒஹாயோவில் டெக்னீஷியன் வேலைக்கு எந்தப் பயிற்சியும் சட்டப்படி தேவையில்லை. ஒரு கடையில் முதல் நாளே வெள்ளைக் கோட்டைக் கொடுத்து கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது வாரம், உடம்பெல்லாம் அரிப்பு என்று வந்த ஒரு பெண்ணுக்கு ஹைட்ராக்ஸிசின் 25 மில்லிகிராம் எண்ண வேண்டும். ஹைட்ராலசின் 25 மில்லிகிராம் குப்பியை எடுத்து எண்ணிவிட்டேன். முன்னது ஒவ்வாமைக்கு, பின்னது ரத்த அழுத்தத்தைக் குறைக்க. எழுத்துகள் ஒன்றுபோல, அளவு ஒன்றுபோல, அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பு. மேற்பார்வையில் இருந்த மருந்தாளுநர் மாத்திரையைத் தட்டில் கவிழ்த்துப் பார்த்துப் பிடித்தார். திட்டவில்லை. "இந்த இரண்டு பெயரையும் இன்றிலிருந்து சாகும்வரை மறக்க மாட்டாய்" என்றார். மறக்கவில்லை.

இந்த இரட்டைப் பெயர்களின் ஆபத்து எனக்குத்தான் புதிது. பெயர்களில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2001-லேயே மருந்து நிறுவனங்களைக் கேட்டுக்கொண்ட பட்டியலில் இந்த ஜோடியும் இருந்தது. நான் நின்ற கடையின் அலமாரிச் சீட்டில் அந்தப் பெரிய எழுத்துகள் இல்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. பி.பார்ம். பட்டம் என்னைக் காப்பாற்றவில்லை. டெக்னீஷியன் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் முதல் மாதத்திலேயே மனப்பாடம் செய்கிற விஷயம் அது.

அடுத்து நான் சொல்லப்போவது ஒஹாயோவில் மருந்துத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. 2006 மார்ச்சில் க்ளீவ்லாந்தில் எமிலி ஜெர்ரி என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனாள். புற்றுநோய்க்குச் சிகிச்சை நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிச் சுற்று கீமோ மருந்தைக் கலக்க வேண்டிய உப்புக் கரைசல் 0.9 சதவீதத்துக்குள் இருந்திருக்க வேண்டும். கலந்த டெக்னீஷியன் 23.4 சதவீதக் கரைசலை எடுத்துவிட்டார். நமக்குச் சிறு எண் வித்தியாசம்போலத் தெரியும். அது இருபத்தாறு மடங்கு. மேற்பார்வை பார்த்த மருந்தாளுநர் அதைக் கவனிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டார். அன்று காலை கணினி பழுதாகி வேலை குவிந்து கிடந்தது என்பதும் பின்னால் வெளிவந்தது. உரிமத்தை இழந்து ஆறு மாதம் சிறைக்குப் போனவர் அந்த மருந்தாளுநர். டெக்னீஷியன்மீது வழக்கு இல்லை. அவருக்குப் பயிற்சி வேண்டும் என்று அன்றைக்கு மாநிலச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் போராடி, 2009-ல் எமிலி சட்டம் வந்தது. ஒஹாயோவில் டெக்னீஷியனுக்குத் தேர்வும் பின்னணிச் சோதனையும் கட்டாயமாயின.

அந்தச் செய்தி வந்தபோது நான் டெக்னீஷியன் கோட்டில் இருந்தேன். எங்கள் கடையில் எல்லோரும் டெக்னீஷியனைப் பற்றியே பேசினார்கள். எனக்கு மட்டும் அந்த மருந்தாளுநரின் ஞாபகமாகவே இருந்தது. கலப்பவர் எந்தக் குப்பியை எடுக்கக்கூடும், எந்த அவசரத்தில், எந்த அலமாரியிலிருந்து என்பது சரிபார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தானே ஒருநாள் அந்தத் தவற்றின் விளிம்புவரை போய்வந்தவருக்கு அது தெரியும். பார்ம்.டி. முடிக்கிறவர் முதல் நாளிலிருந்தே சரிபார்க்கும் நாற்காலியில் உட்காரப்போகிறவர். அவர் கையெழுத்துக்குக் கீழே நாலைந்து டெக்னீஷியன்கள் வேலை செய்வார்கள். அந்த வேலையைத் தன் கையால் செய்யாதவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்?

தேர்வு எப்படி என்று அந்தத் தாய் கேட்டார். சொன்னேன். 1995-ல் தொடங்கப்பட்ட பி.டி.சி.பி. என்ற சான்றளிப்பு வாரியம் நடத்துவது அது. 90 கேள்விகள், பதில் எழுத ஒரு மணி ஐம்பது நிமிடம். 1000-லிருந்து 1600 வரையிலான அளவுகோலில் 1400 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 129 டாலர். தேர்வுக்கு உட்கார ஒன்று, வாரியம் ஏற்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அதற்கு ஈடாக 500 மணி நேரம் மருந்தகத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். தேறியபின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 20 மணி நேரத் தொடர்கல்வியோடு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கேள்விகள் மருந்துகளைப் பற்றி, சட்டத்தைப் பற்றி, நோயாளியின் பாதுகாப்பைப் பற்றி, மருந்துச்சீட்டைக் கணினியில் ஏற்றும் முறையைப் பற்றி வரும்.

உதாரணம் ஒன்று சொல்கிறேன். போதை மருந்து வகை வலிநிவாரணிகளை எழுதும் மருத்துவருக்கு இங்கே மத்திய அரசின் பதிவு எண் ஒன்று உண்டு. இரண்டு எழுத்து, ஏழு இலக்கம். முதல், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். இரண்டு, நான்கு, ஆறாம் இலக்கங்களைக் கூட்டி இரட்டிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் வரும் எண்ணின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 1234563 என்று இருந்தால் 9, அதோடு 24, மொத்தம் 33, கடைசி இலக்கம் 3, சரி. பொய்ச் சீட்டு எழுதுகிறவன் பலமுறை இங்கேதான் சறுக்குவான். வரிசையில் எட்டுப் பேர் நிற்கும்போது, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இதை மனக்கணக்காகச் செய்யும் டெக்னீஷியன்களை எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கரிம வேதியியலில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. யாரும் சொல்லித்தராதது அவர்கள் குற்றமா?

அப்படி ஒரு நல்ல மாணவி மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்தாள். எதைக் கேட்டாலும் ஏட்டில் உள்ளது உள்ளபடி சொல்வாள். இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று அரை மணி நேரம் பேசக்கூடியவள். ஒரு மாலை, இன்சுலின் தீர்ந்துபோனது என்று எழுபது வயதுக்காரர் ஒருவர் வந்து நின்றார். கணினியில் இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்தது: மறுபடி வாங்க இன்னும் நாள் இருக்கிறது. இவள் மரியாதையாகச் சொன்னாள்: "ஒரு வாரம் கழித்து வாருங்கள் ஐயா." அவரும் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். கதவுவரை போனவரை எங்கள் டெக்னீஷியன் பெண் ஓடிப்போய்க் கூப்பிட்டு வந்தாள். ஒரு குப்பி 10 மில்லி, அதில் 1000 யூனிட். அவருக்கு நாளொன்றுக்கு 50 யூனிட் என்று மருத்துவர் உயர்த்தியிருந்தார். ஆயிரத்தை ஐம்பதால் வகுத்தால் இருபது நாள். கணினியில் பழைய கணக்கே, முப்பது நாள் என்று கிடந்தது. அதைத் திருத்தி மறுபடி அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. அவர் இன்சுலினோடு வீட்டுக்குப் போனார்.

மாணவி அன்று இரவு கடை மூடியபின் அழுதாள். அவள் அறிவாளி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. இன்சுலின் இல்லாமல் ஒரு வாரம் என்றால் அந்த முதியவருக்கு என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாக அவளால் விளக்க முடியும். அந்த அறிவையும் திரையில் தெரிந்த மறுப்பு வரியையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம்தான் அவளிடம் இல்லை. பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட எங்கள் டெக்னீஷியன் பெண்ணிடம் இருந்தது. கவுண்டரில் நின்று பெற்றது அது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் ஒரு டெக்னீஷியன்தான். அறுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணும்போது உதடு அசையக் கூடாது என்பார். அசைந்தால் எதிரில் நிற்பவர் பேச்சுக் கொடுப்பார், எண்ணிக்கை தப்பும். ஒருநாள் மூட்டுவாதத்துக்காக மெதோட்ரெக்ஸேட் 2.5 மில்லிகிராம், தினமும் ஒன்று என்று ஒரு சீட்டு வந்தது. அதைக் கணினியில் ஏற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டு மருந்தாளுநரிடம் போனார். "இது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மருந்து." அவ்வளவுதான் சொன்னார். மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், எழுதியதில் தவறு. வாரம் ஒருநாள் மருந்தைத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை அழிந்து ஆளே போய்விடக்கூடும். அந்தப் பெண்மணியிடம் இருந்த ஒரே படிப்பு இந்தச் சான்றிதழ்தான். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

"கடையில மாத்திர எண்ணிப் போடறவங்க" என்று கரூர்த் தங்கை சொன்னபோது எனக்கு அந்தப் பெண்மணியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கு டெக்னீஷியன்கள் எண்ணுவதோடு நிற்பதுமில்லை. 2017-ல் ஐடஹோ மாநிலம் முதன்முதலாகப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் தடுப்பூசி போடலாம் என்றது. கோவிட் காலத்தில், 2020 அக்டோபரில், மத்திய அரசு நாடு முழுவதும் அதை அனுமதித்தது. உங்கள் கையில் ஊசி போட்டவரே டெக்னீஷியனாக இருக்கலாம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பணம். 129 டாலர் தேர்வுக்கு மட்டும். பயிற்சி வகுப்புக்குச் சில நூறு டாலர் முதல் ஆயிரத்துக்கு மேல்வரை ஆகும். முன்படிப்புக்கே கடன் வாங்கிய பிள்ளைக்கு, கோடையில் வேறு வேலைக்குப் போய் வாடகை கட்டுகிற பிள்ளைக்கு, இது பாரம். சேர்க்கைக்கு முன்னால் இன்னொரு சுவரை எழுப்பினால் முதலில் தடுக்கி விழுவது அந்தப் பிள்ளைகள்தான். ஆகவே நிபந்தனை போடும் கல்லூரி தேர்வுக் கட்டணத்தைத் தானே கட்டட்டும். பயிற்சி வகுப்பு வழியை விட, சம்பளம் வாங்கிக்கொண்டு 500 மணி நேரம் வேலை பார்க்கும் வழியைத் திறந்துவிடட்டும். அதற்கான கடைகளையும் மருத்துவமனைகளையும் கல்லூரியே பிடித்துத் தரட்டும். முதல் தடவை தேறவில்லை என்பதற்காக இடத்தைப் பறிக்கக் கூடாது. முதல் ஆண்டு முடியும்வரை அவகாசம் கொடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணினி முன்னால் உட்கார்ந்தே முடித்துவிடக்கூடிய பயிற்சிகளும் இருக்கின்றன. புத்திசாலிப் பிள்ளைகள் மருந்துப் பெயர்களை உருப்போட்டு, மூன்று வாரத்தில் தயாராகித் தேறியும் விடுவார்கள். அந்தக் காகிதத்துக்காக நான் வாதாடவில்லை. எனக்கு வேண்டியது அந்த 500 மணி நேரம். சான்றிதழ் அதற்கான சாட்சி. மணி நேரம் இல்லாத சான்றிதழை ஏற்கும் கல்லூரி தன்னையும் மாணவரையும் ஏமாற்றிக்கொள்கிறது. படிப்புக்குள்ளேயே பயிற்சி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது: ஆரம்ப ஆண்டுகளில் குறைந்தது 300 மணி நேரம், கடைசி ஆண்டில் 1440. ஆனால் பயிற்சி மாணவராக வருகிறவர் விருந்தாளி. மதிப்பெண் போட வேண்டியவர்கள் நாங்கள்; அவருக்கு நாற்காலி கொடுத்து விளக்கம் சொல்கிறோம். டெக்னீஷியனாக வருகிறவர் வேலைக்காரர். திங்கட்கிழமை காலை பத்து மணிக் கூட்டம் அவர்மீதுதான் விழும். அங்கேதான் கை பழகும்.

கல்லூரிகளுக்கு வேறொரு பயம். விண்ணப்பங்கள் முன்புபோல் வருவதில்லை. நிபந்தனை கூடினால் இன்னும் குறையும். பார்ம்.டி.க்கான பிகேட் என்ற நுழைவுத்தேர்வும் 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து கிடக்கும் காலத்தில் இந்த ஒன்றாவது இருக்கட்டும் என்கிறேன். இது யாரையும் வடிகட்டுவதற்கல்ல. இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளையே, ஆண்டுக்குப் பல பத்தாயிரம் டாலர் கடனில் இறங்குவதற்கு முன், தெரிந்துகொள்வதற்கு. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, அலட்சியமாகப் பேசும் வாடிக்கையாளர், இன்சூரன்ஸோடு ஓயாத மல்லுக்கட்டு. இதை ஒரு கோடையில் பார்த்துவிட்டு விலகிப்போகிற பிள்ளைக்கு நஷ்டம் ஒரு கோடை. நான்காம் ஆண்டில் தெரிந்துகொள்கிற பிள்ளைக்கு?

நம் ஊருக்கும் இதில் பங்கிருக்கிறது. 2003 ஜனவரிக்குப் பிறகு பட்டம் பெற்ற வெளிநாட்டு மருந்தாளுநர்கள் இங்கே உரிமத் தேர்வுப் பாதைக்குள் நுழைய ஐந்தாண்டுப் படிப்பு வேண்டும். நம் நான்காண்டு பி.பார்ம். அதற்குப் போதாது. 1999-ல் முடித்ததால் நான் தப்பினேன். எனக்குப் பின்னால் வந்த எத்தனையோ தமிழ்ப் பெண்கள் இங்கே டெக்னீஷியன்களாகவே இருக்கிறார்கள். அவர்கள் வேலையைச் சின்ன வேலை என்று நம்மவரே சொல்வது அவர்களை எவ்வளவு புண்படுத்தும் என்று எனக்குத் தெரியும். ஊரிலோ, இரண்டாண்டு டி.பார்ம். படிப்பவருக்கு 500 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதில் 250 மணி நேரம் மருந்துச்சீட்டுக்கு மருந்து கொடுப்பதிலேயே கழிய வேண்டும். நான்காண்டு பி.பார்ம். படிப்பவருக்கு ஆறாம் பருவம் முடிந்தபின் 150 மணி நேரம், அதுவும் மருந்துத் தொழிற்சாலையிலும் கழிக்கலாம். இரண்டு படிப்பை முடித்தவரும் ஒரே பதிவேட்டில் மருந்தாளுநர்கள்தான். பட்டம் பெரிதாகப் பெரிதாக நோயாளியிடமிருந்து தூரம் கூடுவதை இந்திய மருந்தியல் கவுன்சில் திருத்த வேண்டும்.

சின்சினாட்டித் தங்கைக்கும், அவரைப்போலத் தயங்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில் பிள்ளையை ஊருக்கு அனுப்ப டிக்கெட் போட்டிருந்தால் டிசம்பருக்கு மாற்றிவிடுங்கள். பக்கத்து மருந்துக் கடையில் பயிற்சி டெக்னீஷியன் இடம் இருக்கிறதா என்று அவளையே நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும்போது அவள் கவுண்டரில் நின்றுவிட்டுப் போகட்டும்.